தம்பி மீது 420 புகார் கொடுக்கலாமா?

வாசகர் கடிதம்:

ஐயா, எனக்கு வயது 63. கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். தென்காசி மாவட்டத்தில் எங்கள் தந்தைக்கு 2 ஏக்கர் 10 சென்ட் தென்னந்தோப்பும் ஒரு ஓட்டு வீடும் உண்டு. தந்தை 2012இலும் தாய் 2017இலும் காலமானார்கள். இருவரும் உயில் எழுதவில்லை. அக்கா, நான், தம்பி என மூன்று பேர். ஊரோடு இருந்த தம்பிதான் தோப்பைப் பார்த்துக்கொண்டான். 2022 வரை ஆண்டுதோறும் தேங்காய்க் குத்தகைப் பணத்தில் எனக்கும் அக்காவுக்கும் உரிய பங்கு வங்கிக் கணக்கில் வந்தது, பிறகு நின்றுவிட்டது. விசாரித்தபோது, பட்டாவைத் தன் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொண்டதும், 2023 நவம்பரில் ரோட்டோரம் உள்ள 70 சென்ட்டைக் கிணற்றோடு சேர்த்து வெளியாள் ஒருவருக்குக் கிரயம் செய்து கொடுத்ததும் தெரிய வந்தது. அக்கா தன் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்ததாக 2021இல் ஒரு விடுதலைப் பத்திரமும் வில்லங்கச் சான்றில் வருகிறது. அக்கா அப்போது மும்பையில் மகள் வீட்டில் இருந்தார். பத்திர ஆபீஸ் பக்கமே போகவில்லை என்கிறார்.

சென்ற மாதம் நானும் அக்கா மகனும் தோப்புக்குப் போய்த் தேங்காய் வெட்டினோம். அத்துமீறி நுழைந்து, தேங்காயைத் திருடி, கொலைமிரட்டல் விடுத்ததாகத் தம்பி ஸ்டேஷனில் மனுக் கொடுத்து சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீதை வாங்கிவிட்டான். போனில் கூப்பிட்டு மூன்று முறை காலை முதல் மாலை வரை உட்கார வைத்தார்கள். அக்காவையும் வரச் சொல்கிறார்கள். "இனி தோப்புப் பக்கம் வர மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்கிறார்கள். "நீயும் அவன் மேல் 420, ஃபோர்ஜரி எல்லாம் சேர்த்து ஒரு புகார் போடு, அப்போதுதான் வழிக்கு வருவான்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர் எழுதித் தந்த புகாரின் நகலை இணைத்துள்ளேன். இதைக் கொடுக்கலாமா?

வழக்கறிஞர் பதில்:

அன்புள்ள ஐயா, இணைத்திருக்கும் புகாரை இன்றுள்ள வடிவில் கொடுக்க வேண்டாம். அதில் மூன்று குற்றச்சாட்டுகள் கலந்து கிடக்கின்றன. பட்டா மாற்றமும் 70 சென்ட் கிரயமும் சிவில் நீதிமன்றத்தில் தீர வேண்டியவை. விடுதலைப் பத்திரம் மட்டும் உண்மையிலேயே குற்றமாக இருக்கக்கூடும். அதையும் உறுதி செய்துகொண்ட பிறகே பேச வேண்டும். ஆனால் இவற்றையெல்லாம் விட என்னைத் திடுக்கிட வைத்தது, நண்பர் எழுதிய புகாரின் இரண்டாவது பத்தியில் உள்ள ஒரு வாக்கியம்: "எங்கள் தந்தை இறந்த 2012 முதலே எங்களைத் தோப்பில் கால் வைக்க விடாமல் விரட்டியடித்து, தான் மட்டுமே அனுபவித்து வருகிறான்." தம்பியின் கொடுமையைக் கூட்டிக் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் அவர் இதை எழுதியிருக்கிறார். நீங்கள் கையெழுத்திட்டிருந்தால், உங்கள் பங்குக்கு நீங்களே எழுதிக்கொண்ட எதிர் சாட்சியமாக அது ஆகியிருக்கும்.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பிரிக்கப்படாத பொதுச் சொத்தில் ஒரு பங்காளி மட்டும் தங்கியிருந்து வேலி போட்டு, தண்ணீர் பாய்ச்சி, காய் வெட்டினாலும், சட்டத்தின் பார்வையில் அவர் எல்லாப் பங்காளிகளுக்காகவும்தான் அனுபவித்து வருகிறார். வெளியூரில் இருக்கும் பங்காளிக்கும் அது கூட்டு அனுபோகமே. மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அவர்கள் அறிய அவர்களை வெளியேற்றி, அந்த நிலையிலேயே 12 ஆண்டுகள் கடந்தால்தான் அவர்களுடைய உரிமைக்கு ஆபத்து வரும். காலவரையறைச் சட்டத்தின் 65, 110 ஆகிய உறுப்புகள் இந்த 12 ஆண்டுகளைத்தான் பேசுகின்றன. நண்பரின் வாக்கியத்தை நம்பினால், வெளியேற்றம் 2012இலேயே நடந்துவிட்டது, அது உங்களுக்கு அப்போதே தெரியும், பன்னிரண்டு ஆண்டுகளும் முடிந்துவிட்டன. தம்பியின் வழக்கறிஞர் இதைத்தான் கேட்பார். நீங்கள் அதை எழுதியே கொடுத்திருப்பீர்கள்.

நீதிமன்றக் கட்டணமும் இதே கேள்வியைப் பொறுத்தே அமைகிறது. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37(2) பிரிவின்படி, சொத்து கூட்டு அனுபோகத்தில் இருக்கிறது என்று சொல்லிப் பாகம் கேட்டால் சிறிய, நிலைத்த கட்டணமே போதும். வெளியேற்றப்பட்டவர் பாகம் கேட்டால் 37(1) பிரிவின்படி தம் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம் கட்ட வேண்டும். உங்கள் பங்கு 40 இலட்சம் பெறும் என்று வைத்துக்கொண்டால் 1,20,000 ரூபாய். விகிதம் 2017இல் குறைக்கப்பட்டதால்தான் இவ்வளவாவது. அதற்கு முன் அது 7.5 சதவீதமாக இருந்தது.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் உதவியாளராக இருந்தபோது, இதே போன்ற ஒரு பாக வழக்கில் எங்கள் கட்சிக்காரர் கூண்டில் நின்று, தாம் ஆண்டுதோறும் அறுவடைக்குப் போய் நெல் அளந்து வாங்கியதாக நன்றாகவே சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து ஒரே ஒரு தாளை நீட்டி, "இது உங்கள் கையெழுத்துதானே?" என்று கேட்டார். காவல் நிலையத்தில் பல ஆண்டுகளுக்கு முன் அவர் கொடுத்த புகார் அது. 'பதினைந்து வருடமாக நிலத்தில் நுழைய விடவில்லை' என்று அதில் எழுதியிருந்தார். அந்தப் புகார் ஒன்றுமில்லாமல் முடித்து வைக்கப்பட்டதே அவருக்கு மறந்து போயிருந்தது. போலீஸ் விசாரணையில் பதிவு செய்யும் வாக்குமூலம் வேறு, நீங்களே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் புகார் வேறு. பின்னது சிவில் வழக்கில் உங்கள் ஒப்புதலாகவே காட்டப்படும்.

உங்கள் உண்மை நிலையோ இதற்கு நேர் எதிரானது. 2022 வரை குத்தகைப் பணத்தில் உங்கள் பங்கைத் தம்பி வங்கி வழியாக அனுப்பியிருக்கிறான். மற்றவர்களுக்கு உரிமை இல்லை என்று நினைப்பவன் பத்து ஆண்டுகள் பணம் அனுப்ப மாட்டான். உங்களிடம் உள்ள ஆவணங்களில் எனக்கு இதுதான் முதன்மையானது. தந்தையின் மூலப் பத்திரத்தைக் கூட இதற்கு அடுத்த இடத்தில்தான் வைப்பேன். வங்கிப் பணி செய்தவர் என்பதால் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: பழைய பரிவர்த்தனைகளைக் கணினியிலிருந்து எடுத்துத் தருவது நாளாக ஆகக் கடினமாகும். 2012 முதல் 2022 வரை உங்கள் கணக்கு, அக்காவின் கணக்கு இரண்டுக்கும் வங்கி முத்திரையுடன் சான்றிட்ட அறிக்கை வாங்குங்கள். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியது அதுதான்.

இனி 70 சென்ட் கிரயத்துக்கு வருகிறேன். எனக்குப் பாத்தியமில்லாததை எனக்குப் பாத்தியம் என்று சொல்லி விற்றால் அது மோசடி ஆவணம்தானே என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2009இல் பீகாரிலிருந்து சென்ற முகமது இப்ராஹிம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு நேரடியாகவே விடை சொல்லியிருக்கிறது. தன் பெயரில், தன் கையெழுத்தில், இந்தச் சொத்து என்னுடையது என்று ஒருவர் எழுதிக் கொடுக்கும் பத்திரம், அந்தக் கூற்று தவறாகவே இருந்தாலும், 'பொய் ஆவணம்' ஆகாது. வேறொருவராக நடித்தோ, வேறொருவரின் அதிகாரம் பெற்றவராக நடித்தோ எழுதினால்தான் போலி ஆவணம் என்ற குற்றம் வரும். ஏமாற்றுதல் என்ற குற்றமும் அப்படியே: ஏமாந்து பணம் கொடுத்தவர் வாங்கியவர்தான், புகார் கொடுக்க வேண்டுமானால் அவர் கொடுக்கலாம். பக்கத்தில் நிற்கும் உண்மையான உரிமையாளர், தம்மை ஏமாற்றி எதையும் பெறவில்லை என்பதால், 420 என்று சொல்ல இடமில்லை. உங்கள் நண்பரின் புகாரில் முக்கால் பகுதி இந்த ஒரு தீர்ப்பிலேயே நிற்காமல் போகிறது.

அதோடு கணக்கையும் பாருங்கள். 2 ஏக்கர் 10 சென்ட் என்பது 210 சென்ட்; மூன்றில் ஒரு பங்கு 70 சென்ட். சொத்து தந்தையின் சுயார்ஜிதமாக இருந்தாலும், தாத்தா வழி வந்ததாக இருந்தாலும், தந்தைக்குப் பின் தாயும் உயிலின்றி மறைந்துவிட்டதால் மூவருக்கும் மூன்றில் ஒன்றுதான் வருகிறது. பிதுரார்ஜிதம் என்றால் அக்காவுக்குப் பங்கு உண்டா என்ற பழைய கேள்வி, மகளுக்கும் சமப் பங்கு உண்டு என்ற இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தோடும் உச்ச நீதிமன்றத்தின் 2020ஆம் ஆண்டு வினீதா சர்மா தீர்ப்போடும் முடிந்துவிட்டது. ஆக, தம்பி விற்றிருப்பது அளவில் தன் பங்கை மட்டுமே. இது தற்செயலா, யாரோ விவரம் தெரிந்தவர் சொல்லிக் கொடுத்ததா என்று எனக்கு ஒரு சந்தேகம். பிரிக்கப்படாத பங்கை விற்கப் பங்காளிக்கு உரிமை உண்டு. அந்த அளவுக்குக் கிரயம் செல்லும். எந்த 70 சென்ட் என்று அவனே குறித்துக்கொண்டதுதான் தவறு. ரோட்டு முகப்பையும் கிணற்றையும் ஒருவர் எடுத்துக்கொண்டால் பின்னால் இருக்கும் 140 சென்ட்டுக்கு வழியும் தண்ணீரும் எங்கிருந்து வரும்? பாக வழக்கில் வழக்குரைஞர் ஆணையர் நிலத்தை அளந்து பிரிக்கும்போது எழுப்ப வேண்டிய கேள்வி இது. பாதையும் கிணற்று நீரும் பொதுவாக விடப்படலாம், அல்லது ரோட்டோர மதிப்பைக் கருதித் தம்பிக்கும் அவனிடம் வாங்கியவருக்கும் குறைந்த பரப்பு ஒதுக்கப்படலாம். இதை எந்த ஆய்வாளராலும் எந்தக் குற்றவியல் நடுவராலும் செய்து தர முடியாது.

பட்டாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டா உரிமை ஆவணம் அல்ல. பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின் கீழ்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் பெரும்பாலும் சிவில் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்றே உத்தரவிடுவார். மனுவைப் போட்டு வையுங்கள். அதையே நம்பி இருக்காதீர்கள்.

அக்காவின் பெயரில் உள்ள விடுதலைப் பத்திரம் வேறு வகையைச் சேர்ந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் உடனே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவரின் புகைப்படமும் கைரேகையும் அடையாள ஆவண விவரமும் இரண்டு சாட்சிகளின் பெயர்களும் இருக்கும். முதலில் புகைப்படத்தைப் பாருங்கள். அதில் இருப்பது வேறொரு பெண் என்றால் அது ஆள்மாறாட்டம். அது 2021இல் நடந்ததால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 419, 467, 468, 471 ஆகிய பிரிவுகளே பொருந்தும். 2024 ஜூலை 1க்குப் பின் பதிவாகும் வழக்கு என்பதால் விசாரணை நடைமுறை மட்டும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி நடக்கும். பதிவுச் சட்டத்தின் 82ஆம் பிரிவும் ஆள்மாறாட்டத்துக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை விதிக்கிறது.

புகைப்படத்தில் இருப்பது அக்காவாகவே இருந்துவிட்டால்? இந்தக் கேள்வியை நீங்கள் விரும்ப மாட்டீர்கள், ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டும். பட்டா மாற்றத்துக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்று தம்பி ஏதோ ஒரு நாள் அழைத்துப் போயிருக்கலாம். அது பத்திர ஆபீஸ் என்பதே அவர் மனத்தில் பதியாமல் இருந்திருக்கலாம். உங்கள் கோபத்துக்கு முன்னால் அதைச் சொல்லத் தயங்கியும் இருக்கலாம். ஒரு நாள் தனியாக உட்கார்ந்து, கோபப்படாமல் கேளுங்கள். அப்படி நடந்திருந்தால் வழக்கின் தன்மையே மாறிவிடும். உண்மையை மறைத்துக் கையெழுத்து வாங்கியதாகச் சொல்லிப் பத்திரத்தை ரத்து செய்யச் சிவில் நீதிமன்றம் போக வேண்டும். அதற்கு உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் அவகாசம்.

ஆள்மாறாட்டம் என்று உறுதியானால், புகாரை அக்காதான் கொடுக்க வேண்டும். அவர் பெயரில் நீங்கள் கொடுக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் அவர். அன்றைய தேதியில் மும்பையில் இருந்ததற்கு ஆதாரம் தேடுங்கள். 2021 என்பதால் எனக்கு முதலில் தோன்றுவது தடுப்பூசிச் சான்றிதழ்: அவர் அங்கே ஊசி போட்டிருந்தால் நாளும் மையமும் அதில் இருக்கும். ரயில் முன்பதிவு, மருத்துவமனைச் சீட்டு, அங்குள்ள ஏ.டி.எம்.மில் பணம் எடுத்த பதிவு எல்லாம் உதவும். மாவட்டக் குற்றப் பிரிவில் இதற்கென நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவு இருக்கிறது. காவல் கண்காணிப்பாளர் வழியாக அங்கே கொடுக்கலாம். கையெழுத்துப் போட்ட பெண் யார், அழைத்து வந்தது யார், சாட்சிகள் யார் என்று கண்டுபிடிக்கும்படி புகாரிலேயே கேட்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஷீலா செபாஸ்டியன் வழக்கில், ஆள்மாறாட்டம் நடந்திருந்தும், பொய் ஆவணத்தை உருவாக்கியவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான் என்று காட்டப்படாததால் அவரை விடுவித்தது சரியே என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பலன் அடைந்தவர் என்பதை மட்டும் வைத்துத் தம்பியைத் தண்டித்துவிட முடியாது. பத்திரத்தை ரத்து செய்ய மாவட்டப் பதிவாளரை அணுகலாம் என்று யாராவது சொன்னால், அந்த அதிகாரத்தைத் தந்த பதிவுச் சட்டத்தின் 77-அ பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்துவிட்டதை நினைவில் வையுங்கள். குற்ற வழக்கு ஒருபுறம் இருந்தாலும், அந்தப் பத்திரம் அக்காவைக் கட்டுப்படுத்தாது என்ற அறிவிப்பைச் சிவில் நீதிமன்றத்தில்தான் பெற வேண்டும்.

உங்கள் நண்பர்களை நான் குறை சொல்லவில்லை. சிவில் வழக்கு மகன் காலத்தில்தான் முடியும், போலீஸ் என்றால் நாளைக்கே கூப்பிடுவார்கள் என்ற அவர்கள் கணக்கு, அனுபவத்திலிருந்து வந்ததுதான். 2006இல் இந்தியன் ஆயில் நிறுவனத்துக்கும் என்.இ.பி.சி. நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது: சிவில் பரிகாரம் காலம் பிடிக்கிறது, குற்ற வழக்கில் சிக்க வைத்தால் எதிரி உடனே இறங்கி வருவான் என்ற எண்ணம் பரவியிருக்கிறது, அதை ஊக்குவிக்கக் கூடாது. இந்தத் தீர்ப்பை மேடைதோறும் எடுத்துக் காட்டுகிறவர்கள் பலர் அதன் மறுபாதியைச் சொல்வதில்லை. அதே வழக்கில் திருட்டு, நம்பிக்கை மோசடி ஆகிய குற்றச்சாட்டுகளைத் தள்ளிய நீதிமன்றம், ஏமாற்றுதல், சேதம் விளைவித்தல் என்ற இரண்டையும் தொடர அனுமதித்தது. ஒரே நடப்பு சிவில் தவறாகவும் குற்றமாகவும் இருக்க முடியும் என்பதுதான் சட்டம். ஆகவே 'இது சிவில் மேட்டர்' என்று ஒரு வார்த்தையில் அக்காவின் புகாரைக் காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினாலும் தவறு; உங்கள் தோப்புத் தகராறைக் குற்றமாக்கினாலும் தவறு. 2025 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்து வழக்குகளை விசாரித்தபோது அன்றைய தலைமை நீதிபதி சஞ்சீவ் கன்னா அமர்வு, சிவில் விவகாரங்களைக் குற்ற வழக்காக்கும் போக்கைக் கடுமையாகக் கண்டித்தது. நம் மாநிலத்துக் காவல் நிலையங்கள் இதில் அவ்வளவு வேறுபட்டவை என்று நான் நினைக்கவில்லை; இங்கே முதல் தகவல் அறிக்கை பதியாமலேயே, சி.எஸ்.ஆர். ஒன்றை வைத்துக்கொண்டு காரியத்தை முடிக்கப் பார்ப்பார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இப்போது உங்கள் மேல் உள்ள மனுவைப் பார்ப்போம். சி.எஸ்.ஆர். என்பது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது; நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர் என்று அதற்குப் பொருள் இல்லை. 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கைது செய்யத்தக்க குற்றம் வெளிப்பட்டால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்றும், குடும்பத் தகராறு போன்ற சில வகைகளில் மட்டும் குற்றம் வெளிப்படுகிறதா என்று பார்க்க ஆரம்பகட்ட விசாரணை நடத்தலாம் என்றும் சொன்னது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(3) பிரிவில், மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு, துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியுடன் 14 நாள்களுக்குள் அந்த விசாரணையை முடிக்க வேண்டும் என்ற வரையறை வந்துள்ளது. மனு விசாரணை என்ற பெயரில் நிலத்தைப் பங்கு வைக்கவோ, ஒருவரை நிலத்துக்குள் போகாதே என்று தடுக்கவோ, எழுதி வாங்கவோ காவல் நிலையத்துக்கு அதிகாரம் இல்லை. அதற்கு நம் ஊரில் கட்டப் பஞ்சாயத்து என்று பெயர். காக்கிச் சட்டை போட்டிருந்தாலும் பெயர் மாறாது.

எனவே அடுத்த முறை போனில் அழைத்தால் மரியாதையாக, எழுத்து மூலம் அழைப்பாணை கொடுங்கள், வருகிறேன் என்று சொல்லுங்கள். காவல் துறை தொல்லை தருவதாகத் தொடுக்கப்படும் மனுக்களில், எழுத்து மூலமே அழைக்க வேண்டும், விசாரணை விவரத்தை நிலையக் குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்ப உத்தரவிட்டு வருகிறது. தேவைப்பட்டால் மதுரைக் கிளையில் உங்களுக்கும் அப்படி ஓர் உத்தரவு பெறலாம். சாட்சி என்ற முறையில் அழைப்பதானால் பெண்களையும் 60 வயது கடந்த ஆண்களையும் வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று அதே நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவு சொல்கிறது. அக்காவை நிலையத்துக்கு அனுப்ப வேண்டாம். அழைப்பாணை வந்தால் நீங்கள் வழக்கறிஞருடன் போய், ஒரு பக்க அளவில் எழுத்து மூலமான விளக்கம் கொடுங்கள்: சொத்து தந்தையுடையது, மூவருக்கும் பொது, 2022 வரை வருமானத்தில் பங்கு வந்தது, இதோ வங்கி அறிக்கை, பாக வழக்கு தொடுக்க இருக்கிறோம். அதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். தோப்புக்கு வர மாட்டேன் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். நண்பர் எழுதிய அந்த 2012 வாக்கியத்துக்கு இணையான தீங்கு இதிலும் உண்டு.

தம்பியின் குற்றச்சாட்டுகளில் அத்துமீறல் நிற்காது. குற்றமுறு அத்துமீறலுக்கு, குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை தரவோ வேண்டும் என்ற நோக்கம் தேவை. தன் பங்கு என்று நம்பிப் போகிறவரிடம் அது இல்லை. திருட்டுக்கும் நேர்மையற்ற நோக்கம் வேண்டும். நல்லெண்ணத்துடன் உரிமை கோரி எடுப்பது திருட்டாகாது. ஆனால் எந்தப் பகுதியில் வெட்டினீர்கள் என்று கடிதத்தில் இல்லை. வாங்கியவர் வேலி போட்டுத் தம் வசம் வைத்திருக்கும் 70 சென்ட்டில் வெட்டியிருந்தால் என் பதில் இவ்வளவு தெம்பாக இராது. அதை உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கொலைமிரட்டல் என்பது நம் பகுதியில் எந்த நிலத் தகராறு மனுவிலும் கடைசி வரியில் வந்து ஒட்டிக்கொள்ளும் ஒன்று. ஆபாசமாகத் திட்டினான், கையால் அடித்தான், கொன்றுவிடுவேன் என்றான் என்ற மூன்றும் அச்சடித்தது போல வரும். ஆனாலும் அலட்சியம் வேண்டாம். கொலைமிரட்டலுக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. வழக்குப் பதிவானால் அதே நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவின்படி ஆஜராகச் சொல்லி அறிவிப்பு வரும். அதற்குக் கட்டுப்பட்டு ஆஜராகும் வரை பொதுவாகக் கைதுக்குத் தேவை இராது. பயம் இருந்தால் முன்ஜாமீன் கேட்கலாம். பிறகு உயர் நீதிமன்றத்தில் 528ஆம் பிரிவில் வழக்கை ரத்து செய்யக் கோரலாம். அந்த மனுவில் உங்களுக்கு மிகப் பெரிய துணை, அதற்கு முன்பே நீங்கள் சிவில் நீதிமன்றத்தில் பாக வழக்குத் தொடுத்திருப்பதுதான்.

அதனால் அந்த வழக்கைத் தள்ளிப் போட வேண்டாம். நீங்களும் அக்காவும் வாதிகள். தம்பியும் 70 சென்ட் வாங்கியவரும் பிரதிவாதிகள். தோப்பையும் வீட்டையும் இரண்டையுமே சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு கேளுங்கள். வீட்டை விட்டுவிட்டுத் தோப்புக்கு மட்டும் பாகம் கேட்டால் பகுதிப் பாகம் என்று ஆட்சேபம் வரும். விடுதலைப் பத்திரம் செல்லாது என்ற அறிவிப்பு, 2022க்குப் பின் வர வேண்டிய வருமானக் கணக்கு, மீதியை விற்கவோ மரங்களை வெட்டவோ கூடாது என்ற இடைக்கால உறுத்துக்கட்டளை (தடையுத்தரவு) ஆகியவற்றையும் சேருங்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது தம்பி விற்றாலும், சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி வாங்குபவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவரே. இது சில மாதங்களில் முடியும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். முதல்நிலைத் தீர்ப்பாணை, பிறகு ஆணையர் அளவீடு, இறுதித் தீர்ப்பாணை என்று ஆண்டுகள் ஆகும். ஆனால் உறுத்துக்கட்டளை கிடைத்த பிறகு வெளியாள் யாரும் அந்தச் சொத்தைத் தொடத் தயங்குவார்கள். 70 சென்ட் வாங்கியவரே தம் பணம் சிக்கிவிடுமோ என்று தம்பியைச் சமரசத்துக்கு நெருக்குவார். பெரும்பாலான பங்காளி வழக்குகள் அந்தக் கட்டத்தில்தான் பேச்சுக்கு வருகின்றன. நீதிமன்றச் சமரச மையத்தில் முடிந்தாலும், வெளியே பேசி முடித்தாலும், கட்டிய கட்டணத்தைத் திரும்பப் பெறலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது.

தம்பி மீது ஆள்மாறாட்ட வழக்குப் பதிவாகிவிட்டால் அந்தப் பேச்சு எளிதாக இருக்காது என்பதையும் அக்காவிடம் சொல்லிவிடுங்கள். குற்றம் நடந்திருந்தால் புகார் கொடுப்பது அவர் உரிமை. கொடுப்பதா, எப்போது கொடுப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். ஆனால் பத்திர நகல் கைக்கு வரும் வரை ஃபோர்ஜரி என்ற சொல்லை ஸ்டேஷனிலோ ஊரிலோ யாரும் உச்சரிக்க வேண்டாம்.

தென்னையில் ஒன்றரை இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு வரும். சென்ற மாதம் நீங்கள் வெட்டியதைப் பார்த்தால் அடுத்த வெட்டு நெருங்கிக்கொண்டிருக்கிறது. இந்த முறை நீங்களும் போக வேண்டாம். அக்கா மகனையும், இளரத்தம் என்பதால், கட்டாயம் தடுத்து வையுங்கள். யார் வெட்டினாலும் எத்தனை காய், யாருக்கு என்ன விலைக்குப் போயிற்று என்று ஊரில் நம்பகமான ஒருவரிடம் தேதியோடு குறித்து வைக்கச் சொல்லுங்கள். வருமானக் கணக்கு கேட்கும்போது அந்தக் குறிப்பு தேவைப்படும்.